வளையும் ட்ரைபாட், கையடக்க ஸ்டாண்ட்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நிக்காஹ் மஜ்லிஸ், மதரஸா ஆண்டு விழா, ஹிஃப்ழு முடித்த பிள்ளைக்குப் பாராட்டு, பெருநாள் காலை என்று எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோ, காக்காவோ, மச்சானோ அதைச் செல்போன் வழியாகத்தான் பார்க்கிறார். ஊரில் இருப்பவர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிடத்தில் கை வலிக்கும், படம் ஆடும். பிறகு போனை ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பார்கள், அது சரியும். "ஒரு ஸ்டாண்ட் வாங்கினால் என்ன?" என்ற பேச்சு அதன் பிறகுதான் வரும்.

கடைக்குப் போனால் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். விலை குறைந்ததை வாங்கி, அதன் தலையில் பதினைந்தாயிரம், முப்பதாயிரம் ரூபாய் பொருளை ஏற்றிவிடுகிறோம். ஸ்டாண்ட் உடைந்தால் நட்டம் சிறிது. அதிலிருந்து போன் விழுந்தால் நட்டம் பெரிது. மொட்டை மாடியிலிருந்தோ பந்தல் காலிலிருந்தோ கீழே நிற்பவர் தலையில் விழுந்தால் அதை ரூபாயில் கணக்கிட முடியாது.

படமெடுப்பதன் மார்க்கச் சட்டம் குறித்து அறிஞர்களிடையே பல கருத்துகள் உள்ளன. அந்த விவாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. ஆன்லைன் குர்ஆன் வகுப்பு, பயான் பதிவு, உறவினருடன் வீடியோ பேச்சு, பிறை பார்த்தல் போன்ற தேவைகளுக்காகக் கருவியை எங்கோ ஓரிடத்தில் நிறுத்த வேண்டியுள்ள குடும்பங்களுக்காக இது எழுதப்படுகிறது.

முதலில் மூன்று கேள்விகள்

எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எவ்வளவு எடையை ஏற்றப் போகிறோம்? எதன் மேல் நிறுத்தப் போகிறோம்? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

எடையை எடுத்துக்கொள்வோம். இன்றைய செல்போன்கள் பெரும்பாலும் 170 முதல் 240 கிராம் வரை இருக்கின்றன. உறை, மைக், சார்ஜர் வயர் சேர்ந்தால் 300 கிராமைத் தாண்டும். நம்மூர் வீடுகளில் பரவலாக உள்ள கேனான் 1500டி கேமரா, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 475 கிராம். அதோடு வரும் 18-55 லென்ஸ் சுமார் 200 கிராம். மேலே ஒரு சிறிய மைக்கும் பொருத்தினால் முக்கால் கிலோ ஆகிவிடும். திருமணப் படப்பிடிப்பாளர்கள் வைத்திருக்கும் 70-200 எஃப் 2.8 போன்ற லென்ஸ் மட்டுமே ஒன்றரைக் கிலோ அளவு வரும்.

அட்டைப்பெட்டியில் "1 கிலோ தாங்கும்" என்று போட்டிருந்தால், கால்கள் சமமாக விரிந்து, எடை நடுவில் நேராக இறங்கும்போது தாங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்தால் வெகுதூரம் சுமக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடம் தாங்காது. கேமராவும் அப்படித்தான். நேராக நிற்கும்போது தாங்கிய ஸ்டாண்ட், லென்ஸை முன்னால் சாய்த்தவுடன் தலை கவிழ்கிறது. செல்போனைச் செங்குத்தாகத் திருப்பியதும் ஒரு பக்கம் இழுக்கிறது. ஆகவே நம் கருவியின் மொத்த எடையைப் போல் இரண்டு மடங்காவது தாங்கும் என்று குறிப்பிட்டுள்ள ஸ்டாண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். முக்கால் கிலோ கேமராவுக்கு ஒரு கிலோ ஸ்டாண்ட் போதாது. 2 அல்லது 3 கிலோ தாங்குவது வேண்டும்.

வளையும் கால்களில் இரண்டு வகை

வளையும் ட்ரைபாட்களைக் கடைக்காரர்கள் "ஆக்டோபஸ் ஸ்டாண்ட்" என்றோ "கொரில்லா ஸ்டாண்ட்" என்றோ சொல்வார்கள். வெளித்தோற்றத்தில் நெருக்கமானவையாக இருந்தாலும் உள்ளே இரண்டு வேறு அமைப்புகள் உள்ளன.

முதல் வகையில் மெத்தென்ற ஃபோம் சுற்றிய கால்கள் இருக்கும். அதற்குள் ஓர் உலோகக் கம்பி. கம்பியை வளைத்தால் வளைந்தபடி நிற்கும், அவ்வளவுதான் அதன் இரகசியம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் எந்தக் கம்பியும் ஒருநாள் முறியும். ஃபோம் மூடியிருப்பதால் முறிவது வெளியே தெரியாது. செல்போனுக்கு, மேசை மேல் வைப்பதற்கு இது போதும். கேமராவை இதன் மேல் ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது வகையில் சிறு சிறு உருண்டைகள் ஒன்றன் குழியில் ஒன்று பொருந்தி, சங்கிலி போல் கால் அமைந்திருக்கும். ஜோபி என்ற அமெரிக்க நிறுவனம் 2006-இல் கொரில்லாபாட் என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. உருண்டைக்கும் குழிக்கும் இடையிலுள்ள உராய்வுதான் எடையைத் தாங்குகிறது. இந்த நிறுவனத்தின் 1கே, 3கே, 5கே என்ற மாதிரிகளில் உள்ள எண், அது தாங்கும் கிலோ அளவைக் குறிக்கிறது. எனவே பெயரைப் பார்த்தே நமக்கு ஏற்றதைத் தீர்மானிக்கலாம். செல்போனுக்கும் சிறிய கேமராவுக்கும் 1கே, லென்ஸோடு கூடிய சாதாரண டிஎஸ்எல்ஆருக்கு 3கே.

இதே வடிவத்தில் வேறு பெயர்களில் வருபவை பல உண்டு. எல்லாம் மோசம் என்று சொல்வதற்கில்லை. குழி தளர்வாக இருந்தால் உராய்வு குறையும், கால் மெல்ல மெல்ல இறங்கும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வளையாத சிறு ட்ரைபாட்களும் உண்டு. மான்ஃப்ராட்டோ நிறுவனத்தின் பிக்ஸி அப்படிப்பட்டது, ஒரு கிலோ தாங்கும். மூன்று குட்டைக் கால்களை விரித்தால் நிற்கும், மடக்கினால் கைப்பிடியாகும். கம்பியில் சுற்ற முடியாது. ஆனால் மேசை மேல் மட்டுமே வைக்கப் போகிறோம் என்றால் வளையும் காலைவிட இதுவே ஆடாமல் நிற்கும். வளையும் தன்மை தேவையில்லாத இடத்தில் அதற்காகக் காசு கொடுப்பானேன்?

ஸ்க்ரூவும் கிளாம்பும்

கேமராவின் அடியில் உள்ள துளை உலகம் முழுவதும் ஒரே அளவுதான். 1/4 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. எந்த நிறுவனக் கேமராவும் எந்த நிறுவன ட்ரைபாடிலும் பொருந்துவது இதனால்தான். பெரிய ட்ரைபாட்களில் 3/8 அங்குல ஸ்க்ரூவும் இருக்கும். அதற்கு ஒரு சிறிய இணைப்பு வளையம் போட்டால் போதும். ஸ்க்ரூ தொலைந்துவிட்டது என்று ஹார்டுவேர் கடையில் நீளமான ஒன்றை வாங்கிப் போடாதீர்கள். துளையின் ஆழம் மிகக் குறைவு. நீண்ட ஸ்க்ரூ உள்ளே அழுத்திக் கேமராவைப் பழுதாக்கும்.

கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராக்களின் அடியில் விரல் போன்ற கவ்விகள் இருக்கும். அவற்றை ட்ரைபாடில் பொருத்த ஒரு சிறு அடாப்டர் தேவை. 2023-இல் வந்த ஹீரோ 12 மாதிரியில் 1/4 அங்குல மரையும் சேர்த்தே வருகிறது.

செல்போனில் மரை கிடையாது. அதைப் பிடிப்பது கிளாம்ப். செல்போன் விழும் சம்பவங்களில் கால்களைவிட இந்தக் கிளாம்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிரிங் கிளாம்ப் வேகமாக மாட்டலாம், ஆனால் நாள்பட்டால் ஸ்பிரிங் தளரும். திருகி இறுக்கும் கிளாம்ப் சற்று நேரம் எடுக்கும், பிடி உறுதி. உறை போட்ட பெரிய போன் 8 சென்டிமீட்டருக்கு மேலும் அகலம் இருக்கும். கிளாம்ப் 9 சென்டிமீட்டர் வரையாவது விரிய வேண்டும். பிடிக்கும் இடம் வால்யூம் பட்டன் மேலோ பவர் பட்டன் மேலோ அழுத்தக் கூடாது. நேரலை நடுவே போன் அணைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில ட்ரைபாட்களில் எளிதில் கழற்றி மாட்டும் தட்டு ஒன்று இருக்கும். அந்தத் தட்டு தொலைந்தால் ட்ரைபாட் பயனற்றுப் போகும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறுவதால் தனியாகக் கிடைப்பதும் கடினம். சுமார் 38 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆர்க்கா வகைத் தட்டு இருந்தால் மாற்று எளிதாகக் கிடைக்கும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பியில் சுற்றும் முறை

வளையும் ட்ரைபாடின் பெருமையே ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, மரக்கிளை எதிலும் சுற்றலாம் என்பதுதான். சுற்றுவதிலும் முறை உண்டு.

மூன்று கால்களையும் ஒரே திசையில் சுற்றினால் ஸ்டாண்ட் அச்சில் சுழலும். ஒரு காலை வலப்புறமாகவும் இன்னொன்றை இடப்புறமாகவும் சுற்றி, மூன்றாவது காலைக் கம்பி மேலோ சுவர் மேலோ முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காலும் முழுதாக ஒரு சுற்றாவது வர வேண்டும். கம்பி பென்சில் போல் மெலிதாக இருந்தால் பிடிமானம் கிடைக்காது. தூண் தடிமனாக இருந்தால் கால் எட்டாது. நம் வீட்டு மாடிப்படிக் கைப்பிடிக் குழாய் அளவு பொருத்தமானது. எவர்சில்வர் குழாய் வழுக்கும். அதில் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி முதலில் சுற்றிவிட்டு, அதன் மேல் காலைச் சுற்றினால் நழுவாது.

மேசை மேல் வைக்கும்போது ஒரு கால் லென்ஸுக்கு நேர் கீழே முன்னோக்கி இருக்க வேண்டும். லென்ஸின் எடை முன்னால் இழுக்கும்போது அந்தக் கால் தாங்கிக்கொள்ளும். கால்களை அகலமாக விரித்துத் தாழ்வாக வைப்பது, நிமிர்த்தி உயரமாக வைப்பதைவிடப் பாதுகாப்பானது.

எதில் சுற்றக் கூடாது என்பது இன்னும் முக்கியம். சமையல் எரிவாயுக் குழாய், மின்விசிறித் தண்டு, சீரியல் லைட் வயர் ஓடும் பந்தல் கால், ஜெனரேட்டர் பக்கத்தில் அதிரும் கம்பம் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். ஒலிபெருக்கிப் பெட்டி மேல் வைத்தால் பயான் முழுவதும் படம் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

எதில் சுற்றினாலும், கேமராவின் கழுத்து வாரையோ ஒரு நாடாவையோ அந்தக் கம்பியில் தனியாகக் கட்டிவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் கேமரா தொங்கும், தரையில் விழாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். முப்பது ரூபாய் நாடாவுக்குச் சோம்பல் படக் கூடாது.

உறிஞ்சு கப், காந்தம், வண்டி ஸ்டாண்ட்

கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் ஸ்டாண்ட், உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதால் நிற்கிறது. வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் அதை அழுத்திப் பிடிக்கிறது. ஆனால் ஓரத்தில் ஒரு தூசு, ஒரு கீறல் இருந்தாலும் காற்று மெல்ல உள்ளே நுழையும். ஒட்டும்போது உறுதியாக இருந்தது அரை மணி நேரம் கழித்துத் திடீரென விழுவது இதனால்தான். வழவழப்பான கண்ணாடி, டைல்ஸ் ஆகியவற்றில் மட்டும் நிற்கும். சுண்ணாம்புச் சுவரிலும் மரத்திலும் நிற்காது. ஒட்டும் முன் இரண்டு பக்கத்தையும் துடைத்துக் காயவிட வேண்டும். நீண்ட நிகழ்ச்சியென்றால் இடையிடையே அழுத்திப் பார்க்க வேண்டும்.

காரில் இதைப் பொருத்துபவர்கள் ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல், ஏர்பேக் விரியும் பாதையில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விபத்தில் ஏர்பேக் விரியும் வேகத்தில் அந்த ஸ்டாண்ட் எறிகல்லாகிவிடும். வெயிலில் நிறுத்திய காரில் போனை ஸ்டாண்டிலேயே விட்டுச் செல்லாதீர்கள். ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தவும், 45 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் வைக்காதிருக்கவும் ஆப்பிள் சொல்கிறது. நம் சித்திரை வெயிலில் மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும்.

காந்த ஸ்டாண்ட் இரும்பு பீரோ, ஜன்னல் கிரில், இரும்புக் கேட் ஆகியவற்றில் ஒட்டும். அலுமினியத்தில் ஒட்டாது. எவர்சில்வரில் சில வகைகளில் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. ஒட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் இருந்தால் கவனம் தேவை. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் உள்ள மேக்சேஃப் காந்தப் போன்களையும் அதன் சார்ஜர்களையும் அத்தகைய மருத்துவக் கருவிகளிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்குமாறு ஆப்பிளே அறிவுறுத்துகிறது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கமுள்ள பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

பைக் கைப்பிடியில் போனைப் பொருத்தும் இளைஞர்களுக்கும் ஒரு செய்தி. அதிக திறனுள்ள மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அதிர்வு கைப்பிடி வழியாகப் போனுக்குள் போய், கேமரா லென்ஸை அசையாமல் வைத்திருக்கும் நுண்ணிய அமைப்பைக் கெடுக்கக் கூடும் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனம் வெளிப்படையாகவே எச்சரித்தது. அப்படிப்பட்ட வண்டியில் போனைப் பொருத்த வேண்டாம் என்பதே அதன் அறிவுரை. ஸ்கூட்டர் போன்ற சிறிய வண்டிகளுக்கும் அதிர்வைத் தணிக்கும் ஸ்டாண்டைப் பரிந்துரைத்தது. கேமரா திடீரென மங்கலாகிவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

குர்ஆன் வகுப்புக்கு

2020 ஊரடங்குக்குப் பிறகு ஆன்லைன் குர்ஆன் வகுப்பு பல வீடுகளில் நிலைத்துவிட்டது. பிள்ளை போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து ஓதினால் உஸ்தாதுக்குத் தெரிவது நெற்றி மட்டும்தான். மக்ரஜ் சரி பார்க்க உதடும் வாயும் தெரிய வேண்டும். போன் பிள்ளையின் முகத்துக்கு நேர் உயரத்தில், ஒரு முழம் தள்ளி இருந்தால் போதும். முஸ்ஹஃப் ரைஹாலில் இருக்கட்டும். போனை அதன் மேல் சாய்க்காமல் பக்கத்தில் தனி ஸ்டாண்டில் வையுங்கள்.

இதற்கு மேசை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் நீண்ட வளைகழுத்து ஸ்டாண்டைப் பலர் வாங்குகிறார்கள். கழுத்து நீளம் கூடினால் ஆட்டமும் கூடும். பிள்ளை மேசையில் கை ஊன்றினாலே போன் தலையாட்டும். ஓதுவதற்கு உயரம் குறைந்த ட்ரைபாடை நான்கு புத்தகத்தின் மேல் வைப்பதே மேல். எழுதுவதை மேலிருந்து காட்ட வேண்டிய வகுப்புக்கு மட்டும் வளைகழுத்து உதவும். அதையும் தேவையான அளவுக்கே நீட்டி, மீதியை மடித்து வையுங்கள்.

நிக்காஹ் நேரலைக்கு

மண்டபத்திலோ பள்ளிவாசலிலோ நேரலை காட்டும்போது போன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். சூடாகும், சார்ஜ் தீரும். பவர் பேங்க் இணைத்தால் அதன் வயர் ஒரு பக்கம் இழுத்துச் சமநிலையைக் கெடுக்கும். வயரை ட்ரைபாட் காலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டால் இழுவை கேமராவுக்குப் போகாது. பவர் பேங்கை ஸ்டாண்டில் தொங்கவிடாமல் தரையில் வையுங்கள்.

நடைபாதையில் உயரமான ட்ரைபாடை நிறுத்தாதீர்கள். ஓடி விளையாடும் பிள்ளைகள் காலில் தட்டுவார்கள். சஃபுக்கு இடைஞ்சலாகவோ தொழுபவர் முன்னால் திரையை ஒளிரவிட்டோ வைப்பது முறையல்ல. ஜன்னல் கிரில்லில் தலைக்கு மேல் உயரத்தில் சுற்றிய வளையும் ட்ரைபாட் இந்த இரண்டு சிக்கலையும் தீர்க்கும்.

ஸ்டாண்டில் நிற்கும் கேமராவுக்கு இன்னொரு குணம் உண்டு. கையில் பிடித்திருந்தால் எதிரில் வருபவருக்குப் படமெடுப்பது தெரியும். ஜன்னலில் சுற்றி வைத்தால் தெரியாது. பெண்கள் பகுதியை நோக்கியோ, பெண்கள் வந்து போகும் வாசலை நோக்கியோ அது திரும்பியிருந்தால் அவர்களுடைய அனுமதியின்றி அவர்களைப் பதிவு செய்தவர்களாகிறோம். நேரலை தொடங்கும் முன் திரையில் என்னென்ன தெரிகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இங்கே கேமரா ஓடுகிறது என்று வாயால் அறிவித்துவிடுவது அமானிதம்.

வளைகுடாவில் வசிப்பவர்களுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின்படி, ஒருவருடைய சம்மதமின்றி அவரைப் படமெடுத்து அந்தரங்கத்தில் தலையிடுவது சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பூங்காவிலோ கடற்கரையிலோ ஸ்டாண்ட் போட்டுக் குடும்ப வீடியோ எடுப்பவர்கள், பின்னணியில் பிற குடும்பங்கள் விழாதபடி சுவரையோ கடலையோ நோக்கித் திருப்பிக்கொள்வது நல்லது.

பிறை பார்க்கும் மாலையில்

பிறை 29-இன் மாலையில் மாடியில் கூடும் குடும்பங்களுக்கும் ட்ரைபாட் ஒரு நல்ல துணை. பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் கையின் நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். மெல்லிய கோடு போன்ற பிறை அந்த ஆட்டத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாது. 10x50 போன்ற பைனாகுலர்கள் பலவற்றில் நடு மடிப்பின் முன்முனையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே அதே 1/4 அங்குல மரை. "எல்" வடிவ இணைப்பு ஒன்று வாங்கினால் ட்ரைபாடில் பொருத்தலாம். இதற்கு வளையும் கால் வேண்டாம். முழு உயர ட்ரைபாட்தான் ஏற்றது.

இதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சூரியன் முழுவதும் மறையும் முன் பைனாகுலரையோ தொலைநோக்கியையோ அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. கண நேரம் சூரியன் பட்டாலும் விழித்திரை நிரந்தரமாகக் கெடலாம். பிள்ளைகள் ஆர்வத்தில் முந்திக்கொண்டு பார்ப்பார்கள். பாங்கு சொல்லும் வரை கருவியை உறையிலேயே வைத்திருங்கள். பைனாகுலரில் தெரிந்த பிறை கணக்கில் கொள்ளப்படுமா என்பதை உலமாக்களும் உங்கள் ஜமாஅத்தும்தான் சொல்ல வேண்டும்.

பிறையைப் போனில் எடுக்க விரும்புபவர்கள் வளையும் ட்ரைபாடை மாடியின் கைப்பிடிக் கம்பியில் சுற்றலாம். மக்ரிபுக்குப் பின் வெளிச்சம் குறைவதால் போன் நீண்ட நேரம் ஒளியை வாங்க வேண்டியிருக்கிறது. அப்போது விரல் பட்டால்கூடப் படம் கலங்கும். மூன்று விநாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஆடாமல் நிற்பதை உணர்ந்தால் ஐபோனின் இரவு முறை 30 விநாடி வரை ஒளி வாங்க இடம் தரும். ஆனால் அது நட்சத்திரத்துக்கு, பிறைக்கு அவ்வளவு தேவையில்லை. பிறையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கோடு தெளிவாக விழும். மாடி விளிம்பில் ஸ்டாண்டின் தலை உட்பக்கமாக இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் மாலைக் காற்று பலம்.

உம்ராவுக்கும் சுற்றுலாவுக்கும்

ஹரம் ஷரீஃபுக்குள் ட்ரைபாட் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். தவாஃபின் நெரிசலில் நீட்டிய ஒரு கால் எத்தனை பேரைத் தடுக்கிவிடும் என்று சொல்ல முடியாது. போன இடத்தின் நோக்கமும் அதுவல்ல. விமானத்தில் ட்ரைபாடைப் பெட்டியில் போட்டு அனுப்பலாம். பவர் பேங்கை மட்டும் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கோட்டைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் ட்ரைபாட் வைத்துப் படமெடுக்க முன் அனுமதி தேவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

ஒன்று: காலை வளைத்து விடுங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல நிமிர்ந்தாலோ தொய்ந்தாலோ வேண்டாம்.

இரண்டு: உங்கள் போனைப் பொருத்தி முன்னோக்கிச் சாய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். தலை இறங்குகிறதா என்று பாருங்கள். கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கவே அந்த நேரம் போய்விடும்.

மூன்று: கிளாம்பில் உள்ள போனை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் பட்டை வழுக்கக் கூடாது.

நான்கு: தலையிலுள்ள உருண்டையை இறுக்கும் திருகு, பிளாஸ்டிக் மரையில் ஓடுகிறதா, உலோக மரையிலா என்று பாருங்கள். பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேயும்.

ஐந்து: கால் நுனியில் ரப்பர் இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் ரப்பர் இல்லாத கால் வழுக்கும்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே சோதியுங்கள். ஒரு துணிப்பையில் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைப் போட்டு ஸ்டாண்டின் தலையில் மாட்டி, மெத்தைக்கு மேலே பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சர்க்கரை விழுந்தால் நட்டமில்லை. ஒரு கிலோ தாங்கும் என்று எழுதப்பட்டது உண்மையில் தாங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

பராமரிப்பு

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும். கடற்கரைக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். உருண்டை மூட்டுகளுக்குள் மணல் புகுந்தால் அரைத்துத் தேய்த்துவிடும். வழுவழுப்பாகட்டும் என்று எண்ணெய் மட்டும் விடாதீர்கள். உராய்வுதான் அதன் உயிர், எண்ணெய் விட்டால் கால் நிற்காது.

வாங்காமலும் இருக்கலாம்

வருடத்துக்கு இரண்டு முறை பயன்படுத்துவதற்காக ஐயாயிரம் ரூபாய் போட வேண்டியதில்லை. ஒரு தடித்த துணிப்பையில் பாதி அளவு பயறோ மணலோ நிரப்பித் தைத்துவிடுங்கள். அதில் பள்ளம் செய்து கேமராவைப் பதித்தால் ஆடாது, சாயாது. மேசையிலும் சுவர் மேலும் இதைவிட உறுதியான ஸ்டாண்ட் இல்லை. வன விலங்குகளைப் படமெடுக்கும் தொழில்முறையாளர்களே வண்டி ஜன்னலில் இப்படிப் பையை வைத்துத்தான் பெரிய லென்ஸ்களை நிறுத்துகிறார்கள். தெருவில் நான்கு வீட்டுக்குச் சேர்ந்து நல்ல ட்ரைபாட் ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வதும் வீண்விரயத்தைத் தவிர்க்கும் வழி.

சுருக்கமாகச் சொன்னால், செல்போன் மட்டும் உள்ள வீட்டுக்குத் திருகு கிளாம்புடன் கூடிய ஒரு கிலோ வகை வளையும் ட்ரைபாட் போதும். லென்ஸ் மாற்றும் கேமரா இருந்தால் மூன்று கிலோ வகைக்குக் கீழே இறங்காதீர்கள். பிறை பார்க்கவும் நீண்ட பயான்களைப் பதிவு செய்யவும் முழு உயர ட்ரைபாடே சரி. எதை வாங்கினாலும் அந்தப் பாதுகாப்பு நாடாவைக் கட்ட மறக்காதீர்கள். அடுத்த நிக்காஹில் துபாயிலிருக்கும் வாப்பா, படம் ஆடாமல் தம் மகனின் முகத்தைப் பார்ப்பார், இன்ஷா அல்லாஹ்.